தொழிற்சாலைக்குத் தன்னாட்சி, கடையில் காலி அலமாரி: எப்படி?

பொருளியல் மாணவன்:
சோவியத் அரசுத் தொழிற்சாலைகளுக்குத் தன்னாட்சி தரும் சட்டம் 1988 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மே மாதம் கூட்டுறவுச் சட்டம். இரண்டும் உற்பத்தியைப் பெருக்கத்தானே? பிறகு 1990இல் கடைகள் ஏன் காலியாகக் கிடந்தன? பாடப்புத்தகம் கோர்பச்சேவின் இந்தச் சீர்திருத்தங்களை 'பெரஸ்த்ரோய்கா தோற்றது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

பழைய மாஸ்கோவாசி:
தம்பி, 1987 முதல் 1992 வரை மாஸ்கோவில் படித்தவன் நான். கடிவாளத்தைப் பாதி மட்டும் அவிழ்த்ததுதான் கோளாறு. மேலாளரைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். ஓட்டுப் போடுகிறவனுக்குச் சம்பள உயர்வை எவன் மறுப்பான்? ரொட்டி, இறைச்சி விலையோ அரசு குறித்தபடியே நின்றது. எல்லார் கையிலும் ரூபிள், வாங்கத்தான் ஒன்றுமில்லை. 1989 ஜூலையில் சைபீரியாவின் குஸ்பாஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கோரிக்கைகளில் சோப்பும் இருந்தது. நிலக்கரி வெட்டுகிறவனுக்குக் குளிக்கச் சோப்பு இல்லை!

தேங்கிய பணத்தை உறிஞ்ச அரசு கண்ட வழியைக் கேளுங்கள். 1991 ஜனவரி 22, இரவு ஒன்பது மணிச் செய்தி: 50, 100 ரூபிள் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது. மாற்ற மூன்றே நாள். ஓய்வூதியர்களுக்கு உச்சவரம்பு 200 ரூபிள். எங்கள் விடுதி வாசலில் காவல் இருந்த பாட்டி, ஈமச் செலவுக்கென்று தேயிலை டப்பாவில் பதினோரு ஐம்பது ரூபிள் நோட்டுகள் சேர்த்திருந்தார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வா, ஸ்டேஷனுக்கு" என்றார்.

மாஸ்கோவின் யரஸ்லாவ்ல் ரயில் நிலையத்தில் நள்ளிரவு வரை வரிசை. நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள விளாடிவஸ்தோக்குக்குப் போகும் விலை கூடிய டிக்கெட்டுக்குத்தான் அடிதடி. யாருக்கும் பயணமில்லை, பிறகு ரத்து செய்து செல்லும் நோட்டாக வாங்கிக்கொள்ளத்தான்!

சந்தேகப்பிராணி:
எல்லாப் பழியும் சீர்திருத்தத்தின் மேலா? 1986இல் கச்சா எண்ணெய் விலை சரிந்ததை விட்டுவிட்டீர்களே. எண்ணெய் விற்ற டாலரில்தான் கோதுமை இறக்குமதியானது.

பழைய மாஸ்கோவாசி:
ஒப்புக்கொள்கிறேன் ஐயா, கஜானாவைக் காலி செய்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் சர்க்கரை ரேஷன் கூப்பனுக்குப் போனது எண்ணெயாலா? 1985இல் மதுவுக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். ஊரே வீட்டில் சாராயம் காய்ச்சச் சர்க்கரையை அள்ளியது. விலையை உயர்த்தும் துணிவு 1991 ஏப்ரல் 2ஆம் தேதிதான் வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

பொருளியல் மாணவன்:
பாட்டியின் பணம் என்ன ஆயிற்று ஐயா?

பழைய மாஸ்கோவாசி:
நான்கு நோட்டுகளை வங்கி மாற்றித் தந்தது. மற்றவற்றுக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது கவுண்டர்க்காரர் ஒரு பழைய ஐம்பது ரூபிளையே நீட்டினார். நான்கு ஆண்டுகளில் கேள்விப்படாத ரஷ்ய வசவுகளை அன்று பாட்டியிடம் கற்றேன்.