ஒரே சதுக்கத்தில் சாதாரண நாளும் விழா நாளும்: மாற்றி மாற்றி வைப்பது எப்படி?

தண்டவாளம்87:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது எச்.ஓ. அளவு (1:87, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) மாடல் ரயில் லேஅவுட், டி.சி.சி.யில் (தண்டவாளம் வழியே மின்சாரமும் கட்டளையும் செல்லும் டிஜிட்டல் முறை) ஓடுகிறது. ஸ்டேஷன் வாசலில் 30 × 20 செ.மீ. அளவில் ஒரு சதுக்கம். இரண்டு பக்கம் கடைகள், பின்னால் ஸ்டேஷன் கட்டடம், முன்னால் நாம் நின்று பார்க்கும் விளிம்பு. இப்போது அங்கே சாதாரண நாள்தான்: நிறுத்தி வைத்த கார்கள், பெஞ்சுகள், பெட்டியோடு காத்திருப்பவர்கள். விடுமுறைக் காலத்தில் மட்டும் இதே இடம் விழாச் சந்தையாக மாற வேண்டும். தற்காலிகக் கடைகள், சர விளக்கு, கூட்டம், முடிந்தால் பனி. விழா முடிந்ததும் பழையபடி ஆகிவிட வேண்டும்.

பனிக்குச் சமையல் சோடாவைத் தூவிவிட்டு, பிறகு வாக்குவம் க்ளீனரால் உறிஞ்சிக்கொள்ளலாமா? சர விளக்குக்கு 0402 என்ற மிகச் சிறிய எல்.இ.டி. சரிவருமா? அதற்கு மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்தே எடுக்கலாமா? கூட்டம் என்று தோன்ற எத்தனை பொம்மைகள் வேண்டும்?

கைகாட்டி:
சோடா வேண்டவே வேண்டாம். அது ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். புல்லுக்குள்ளும் ஜல்லிக்குள்ளும் போனதை எந்த வாக்குவமும் முழுதாக எடுக்காது. மிச்சம் இருப்பது தண்டவாளத்தின் மேல் படிந்தால் எஞ்சின் திக்கும். பல்சக்கரத்துக்குள் போனால் எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும். பஞ்சும் அப்படித்தான். அதன் இழை அச்சில் சுற்றிக்கொண்டால் சக்கரத்தைக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இருக்கிற காட்சியின் மேல் எதையும் தூவாதீர்கள், ஒட்டாதீர்கள். சதுக்கத்தையே கழற்றி மாட்டும் தட்டாக ஆக்கிவிடுங்கள். ஒன்று சாதாரண நாள் தட்டு, இன்னொன்று விழாத் தட்டு. அடிப்பலகையில் 30 × 20 செ.மீ. வெட்டி எடுத்து, உள்விளிம்பில் 10 × 10 மி.மீ. மரச்சட்டம் ஒட்டுங்கள். தட்டு அதன் மேல் உட்காரும். தட்டுக்கு 4 மி.மீ. பிளைவுட் போதும். சுற்றிலும் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் ஈரக் காலத்தில் மரம் உப்பி, தட்டு சிக்கிக்கொள்ளும்.

பலரும் தவறவிடும் வேலை ஒன்று உண்டு. பிளைவுட்டின் இரண்டு பக்கத்துக்கும் நான்கு விளிம்புக்கும் வார்னிஷ் அடித்த பிறகே காட்சி வேலையைத் தொடங்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் பெயின்டும் பசையும் ஏறினால், காய்ந்ததும் பலகை அந்தப் பக்கமாக வளையும். மூலை 1 மி.மீ. தூக்கினால்கூட விளக்கு வெளிச்சத்தில் கோடு போட்டது போலத் தெரியும்.

இணைப்புக் கோட்டை மறைக்க நடைபாதை விளிம்புக்கல்லைப் பயன்படுத்துங்கள். நிஜத்தில் 15 செ.மீ. உயரம் என்றால் எச்.ஓ.வில் 1.7 மி.மீ. நடைபாதையும் கட்டடங்களும் லேஅவுட்டோடு நிலையாக இருக்கட்டும். தட்டில் தரை மட்டும் வரட்டும். அப்போது இணைப்பு, நிஜத்திலும் ஒரு கோடு இருக்கும் இடத்திலேயே விழுந்துவிடும்.

தட்டின் அடியில் நான்கு மூலையிலும் 6 × 2 மி.மீ. காந்தம், சட்டத்தில் இரும்பு வாஷர். எடுப்பதற்குக் கீழே 20 மி.மீ. துளை போட்டு விரலால் தள்ளுங்கள். கடையையோ விளக்குக் கம்பத்தையோ பிடித்துத் தூக்கினால் அது மட்டும்தான் கையோடு வரும்.

சோல்டர்புகை:
விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். தண்டவாள மின்சாரம் வேண்டாம். டி.சி.சி.யில் துருவம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறுகிறது. சாதாரண எல்.இ.டி. எதிர்த்திசையில் சுமார் 5 வோல்ட்தான் தாங்கும், தடத்திலோ 14, 15 வோல்ட் இருக்கும். மின்சாரத்தை ஒரே திசையாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் எங்காவது ஷார்ட் ஆகி, தடத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் நின்றால் ஊரே இருண்டுவிடும். 12 வோல்ட் டி.சி. அடாப்டர் ஒன்றைத் தனியாக வையுங்கள். 1 ஆம்பியர் இந்த வேலைக்குத் தாராளம்.

0402 எல்.இ.டி.யின் நீளம் 1 மி.மீ. அதாவது 1:87 கணக்கில் 8.7 செ.மீ. பல்பு! கடை முகப்பில் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, சரமாகக் கட்டினால் பூசணிக்காய் தொங்குவது போல இருக்கும். 0.25 மி.மீ. ஆப்டிக்கல் ஃபைபர் (ஒளியைக் கடத்தும் பிளாஸ்டிக் இழை) என்றால் பல்பு சுமார் 2 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். ஒரு 5 மி.மீ. எல்.இ.டி.க்கு முன்னால் 20 இழைகளைக் கற்றையாக வைத்து, கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கும்) குழாயால் மூடித் தட்டின் அடியில் வையுங்கள். இழையின் நுனியைச் சூடான சோல்டரிங் அயர்னுக்கு அருகே கொண்டுபோனால் (தொடக் கூடாது) நுனி காளான் மாதிரி விரியும். அப்போதுதான் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் வெளிச்சம் தெரியும். வெட்டிய நுனி நேராகப் பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும்தான் மின்னும்.

இழையை சூப்பர் க்ளூவால் ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் இழை அந்த இடத்தில் மொறுமொறுவென்று ஆகி ஒடியும். வெள்ளைப் பசை போதும்.

கடைக்குள் வெளிச்சத்துக்கு 0402 வார்ம் ஒயிட், ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர். 12 வோல்ட், எல்.இ.டி.யில் சுமார் 3 வோல்ட் போக 9 வோல்ட்; 10 கிலோ ஓம் போட்டால் 0.9 மில்லிஆம்பியர். குறைவாகத் தோன்றும், ஆனால் அறை விளக்கைக் குறைத்தால் அதுதான் அழகு. 1 கிலோ ஓம் போட்டுச் சந்தையை வெல்டிங் பட்டறை ஆக்கிவிடுபவர்களே அதிகம். பல எல்.இ.டி.களைப் பக்க இணைப்பில் கோத்து ஒரே ரெசிஸ்டர் போட்டால், எதற்கு வோல்ட் கொஞ்சம் குறைவாகத் தேவையோ அதுவே மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும். ஒன்று பிரகாசமாகவும் மற்றவை மங்கலாகவும் எரியும்.

தட்டுக்கும் லேஅவுட்டுக்கும் மூன்று முனை கனெக்டர் போடுங்கள். நடுவில் பிளஸ், இரண்டு ஓரத்திலும் மைனஸ். அவசரத்தில் திருப்பிச் செருகினாலும் துருவம் மாறாது.

நடைமேடைவாசி:
பொம்மைகளின் கணக்கு. 30 × 20 செ.மீ. என்பது நிஜத்தில் 26 × 17 மீட்டர், கிட்டத்தட்ட 450 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒருவர் என்றால் 450 பொம்மைகள்! அப்படி நிரப்ப வேண்டியதில்லை. கூட்டத்தை ஒரே இடத்தில் குவியுங்கள். 6 × 6 செ.மீ. இடத்தில் 20 பேரை நிறுத்தினால் அங்கே கூட்டம் என்று கண் நம்பிவிடும். இரண்டு கடைகளுக்கு முன்னால் இப்படி 20, 20. மீதி இடத்தில் இரண்டு மூன்று பேராக ஒரு 15. பின்வரிசைக்கு முகம் தேவையில்லை, மலிவான பெயின்ட் அடிக்காத உருவங்களை மங்கலான நிறத்தில் தோய்த்து முதுகு காட்டி நிறுத்துங்கள். நல்ல பொம்மைகள் முன்விளிம்புக்கு.

ஓடுகிற, பந்து எறிகிற, கையசைக்கிற உருவங்களைத் தவிருங்கள். ரயில் நகரும்போது பக்கத்தில் ஒருவன் ஒற்றைக் காலில் உறைந்து நின்றால் எல்லாம் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். நிற்பவர், உட்கார்ந்தவர், பேசுபவர், சாமானைப் பார்ப்பவர் போதும். பேசுபவர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். லேஅவுட் படங்களைப் பார்த்தால் பாதிப் பேர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார்கள்.

காலடியில் வரும் பிளாஸ்டிக் வட்டத்தை வெட்டிவிட்டு, குதிகாலில் 0.4 மி.மீ. துளை போட்டு அதே கனத்தில் பித்தளைக் கம்பி செருகுங்கள். தட்டில் 0.5 மி.மீ. துளை. இப்படி இருந்தால் இடம் மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

கைகாட்டி சொன்னதில் ஒரு மாறுபாடு. தரையே மாற வேண்டியதில்லை என்றால் இரண்டு தட்டு எதற்கு? ஒரே தட்டு, நிறையத் துளைகள். கார்களை எடுத்துவிட்டுக் கடைகளைச் செருகலாம். சாதாரண நாளின் பெஞ்சும் தபால்பெட்டியும் விழாவிலும் அதே இடத்தில் இருந்தால்தான் இது அதே ஊர் என்று பார்ப்பவருக்குப் புரியும்.

கைகாட்டி:
பெஞ்சு விஷயம் சரி, இரண்டு தட்டிலும் அதே இடத்தில் வைக்க வேண்டும். ஆனால் கார் நின்ற இடத்தில் காலித் துளைகள் பல்லிளிக்கும். பொம்மைக் கம்பியின் துளையை மறைக்கலாம். கடைக்கும் கம்பத்துக்கும் போடும் 2 மி.மீ. துளையை மறைக்க முடியாது. விளக்கு ஒயர் வேறு இருக்கிறது.

தண்டவாளம்87:
நன்றி. இரண்டு தட்டு என்றே முடிவு செய்கிறேன். ஆனால் தட்டில் மட்டும் பனி இருந்து, சுற்றியுள்ள கூரைகளில் இல்லை என்றால் இடிக்காதா?

கைகாட்டி:
இடிக்கும். பனி வேண்டும் என்றால் ஒவ்வொரு கூரைக்கும் மேலே உட்காரும்படி 0.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் இரண்டாவது கூரை செய்து, அதில் பனியை நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டும். பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட், அது ஈரமாக இருக்கும்போதே சன்னமான மார்பிள் தூள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். மினுக்குத் தூள் சேர்க்காதீர்கள், 0.4 மி.மீ. மினுக்கு ஒன்று நிஜத்தில் 3.5 செ.மீ. கண்ணாடித் துண்டு.

என்னைக் கேட்டால் பனியை விட்டுவிடுங்கள். மழை ஓய்ந்த மாலை என்று வைத்துக்கொண்டு, விழாத் தட்டின் தரையில் அங்கங்கே பளபளப்பான வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். நடுவில் திட்டுத் திட்டாகப் பளபளப்பில்லாமலே விடுங்கள். சர விளக்கு தரையிலும் பிரதிபலிக்கும். சுற்றியுள்ள கூரைகளும் ஈரமாக இருக்கின்றனவா என்று யாரும் சோதிக்கப் போவதில்லை.

சோல்டர்புகை:
ஈரத்தரை நல்ல யோசனை, விளக்கு தரையிலும் தெரிவதால் இழையும் பாதிதான் செலவாகும். ஒரு எச்சரிக்கை: சரத்தை நடைமேடை தாண்டித் தடத்துக்கு மேலே கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், உங்களிடம் உள்ள மிக உயரமான வண்டியை ஓட்டிப் பாருங்கள். இரட்டை அடுக்குக் கன்டெய்னர் வண்டி நிஜத்தில் 6.15 மீட்டர், எச்.ஓ.வில் 71 மி.மீ. சரம் நடுவில் தொய்யும், எனவே தொய்வின் அடிப்புள்ளி 80 மி.மீ.க்குக் கீழே வரக் கூடாது. பாண்டோகிராஃப் (மின்கம்பியைத் தொடும் எஞ்சினின் கூரைக் கை) தூக்கி ஓடும் தடம் என்றால் மேலே எதையும் கட்டாதீர்கள்.