அடுத்து எந்த பிராட்வே நாடகம் மூடப்படும்? கணிக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் நடக்கும் இசை நாடகங்களின் வார வசூலைச் சில மாதங்களாக எக்செல்லில் குறித்து வருகிறேன். தள்ளாடும் நாடகங்களில் அடுத்தது எது என்று முன்பே தெரிந்தால், திரை இறங்குவதற்குள் பார்த்துவிடலாம் அல்லவா? அதற்காகத்தான் இவ்வளவும்.

தயாரிப்பாளர்கள், அரங்க உரிமையாளர்களின் சங்கமான பிராட்வே லீக் வாராவாரம் தரும் பட்டியலில் மொத்த வசூல், நிரம்பிய இருக்கைகளின் சதவீதம், சராசரி டிக்கெட் விலை எல்லாம் உண்டு. வாரச் செலவு மட்டும் இருக்காது. நான் சறுக்குவது அங்கேதான். ஒரே வசூல், பெரிய இசைக்குழு உள்ள நாடகத்துக்கு நஷ்டமாகவும் சின்ன நாடகத்துக்கு லாபமாகவும் முடியலாம். அரங்கு 90 சதவீதம் நிரம்பியிருந்தும் சராசரி விலை வாராவாரம் இறங்கினால், தள்ளுபடியில் நிரப்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சரிதானா?

விடுமுறைக் கூட்டம் கலைந்த ஜனவரியிலும், ஜூனில் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது கிடைக்காத பிறகும் பல நாடகங்கள் மூடப்படுகின்றன. அது புரிகிறது. ஆனால் அறிவித்த தேதியே நகர்வதும் உண்டு. 1988-இல் தொடங்கிய ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’ 2023 பிப்ரவரியில் முடிவதாக அறிவித்ததும் டிக்கெட்டுகள் பறந்தன. ஏப்ரல் 16 வரை நீண்டது.

என் கேள்விகள் இரண்டு. நடிகர்கள், இசைக்கலைஞர்கள் எண்ணிக்கையை வைத்து வாரச் செலவைத் தோராயமாகக் கணக்கிட வழி உண்டா? அப்புறம், இன்னும் எத்தனை மாதம் கழித்து நடக்கும் காட்சிகள் வரை டிக்கெட் விற்பனை திறந்திருக்கிறது என்பதை அறிகுறியாக எவ்வளவு நம்பலாம்? கணித்துப் பார்த்த அனுபவம் உள்ளவர்கள், தவறிப்போன கணிப்பையும் சேர்த்தே சொல்லுங்கள்.