புதுப்பிப்பு: ஜிஎஸ்டிஆர்-2பி ஒருவழியாகப் பொருந்திவிட்டது

பெரிய நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் அப்ரண்டிஸாக இருக்கிறேன், கொள்முதல் பதிவேட்டின் 312 பில்கள் ஜிஎஸ்டிஆர்-2பியோடு (சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் நமக்குத் தரும் பட்டியல்) பொருந்தவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, பில் எண்ணை விட்டுவிட்டு ஜிஎஸ்டி எண்ணையும் வரித்தொகையையும் சேர்த்துப் பொருத்தச் சொன்ன அக்காவின் யோசனைதான். நாங்கள் 457 என்று பதிந்ததை சப்ளையர் 0457/24 என்று ஏற்றியிருந்தார். எக்செல்லுக்கு இரண்டும் வேறு. ஒரே மதியத்தில் 41 பில்தான் மிச்சம்.

எதிர்பாராதது அப்புறம்தான் வந்தது. ஒரு சப்ளையருக்கு இரண்டு ஜிஎஸ்டி எண்கள். பில் பெங்களூரு கிளையிலிருந்து, அதாவது 29இல் தொடங்கும் எண்ணில் வந்திருக்கிறது. நாங்கள் தமிழ்நாட்டின் 33 எண்ணில் பதிந்திருக்கிறோம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த பத்தும் பான் எண். பானை மட்டும் வைத்துத் தேடியதும் 26 பில் கிடைத்தன. இதை யாராவது முதல் வாரமே சொல்லித்தந்திருக்கலாம்!

மீதி 15 பில்லுக்கு சப்ளையர்கள் தங்கள் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1ஐ 11ஆம் தேதிக்குப் பிறகு தாக்கல் செய்திருக்கிறார்கள். அவை அடுத்த மாத 2பியில்தான் வரும், கொள்முதலில் கட்டிய வரிக்கான வரவும் அப்போதுதான்.