கர்ப்பப்பையில 2.5 செ.மீ. கட்டி படுத்தின பாடு

நீடாமங்கலம் பக்கம், வயசு 43

போன குறுவை நடவு நேரம். வரப்புல உட்கார்ந்து டீ குடிச்சிட்டு எழுந்தா கண்ணு இருட்டிட்டு வருது. மாசாமாசம் பத்து நாள் தீட்டு, முதல் மூணு நாள் கட்டி கட்டியா போகும். ரெண்டு நாப்கின் சேர்த்து வெச்சாலும் ஒரு மணி நேரம் தாங்காது. நடவுக்குக் கறுப்புப் புடவைதான். "நாப்பது தாண்டிட்டா அப்படித்தான், நிக்கப்போற காலம்"னாங்க மாமியார். நானும் நம்பிட்டேன். இதுல பச்சரிசியை வேற எந்நேரமும் வாயில போட்டு மென்னுட்டே இருப்பேன். ரத்தசோகை இருந்தா அப்படித் திங்கத் தோணுமாம், அப்புறம்தான் தெரிஞ்சுது.

டெஸ்ட் எடுத்தா ரத்தம் (ஹீமோகுளோபின்) 6.8. நமக்கு 12 இருக்கணும். ஸ்கேன்ல 2.5 செ.மீ. ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைக் கட்டி. முதல்ல பார்த்த டாக்டர், "ரெண்டு புள்ள இருக்குல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்"னு ரெண்டே நிமிஷத்துல முடிச்சுட்டார். எனக்கு ஆறவே இல்ல. எங்க நாத்தனாருக்கு 7 செ.மீ. கட்டி, அவங்க பாட்டுக்கு நல்லாத்தான் இருக்காங்க!

தஞ்சாவூர்ல ஒரு டாக்டரம்மாகிட்ட இதையே கேட்டேன். சீட்டுக்குப் பின்னாடி, இதுதான் கர்ப்பப்பைன்னு கொய்யாக்கா மாதிரி ஒண்ணு வரைஞ்சாங்க. நாத்தனாருது வெளிப்பக்கம் ஒட்டியிருக்கு, என்னுது உள்ளறைக்குள்ள துருத்திட்டு நிக்குது. சின்னதா இருந்தும் இவ்வளவு போக்கு அதனாலதானாம். ரத்தப்போக்குக்கு டிரானெக்ஸாமிக் மாத்திரை, இரும்புச்சத்து டிரிப்ஸ். ரத்தம் ஏறினதும் வயித்தைக் கிழிக்காம, கீழ்வழியா கேமரா விட்டு கட்டியை மட்டும் எடுத்தாங்க. பயாப்சியில சாதாக் கட்டின்னு வந்துச்சு.

மயிலாடுதுறை

எனக்குக் கர்ப்பப்பையையே எடுத்தாச்சு, வருத்தமில்ல. ஏழெட்டுக் கட்டி, தொப்புள் வரைக்கும் வயிறு. பஸ்ஸுல கும்பகோணம் போறதுக்குள்ள ஒண்ணுக்கு முட்டும். சினைப்பை நல்லா இருந்ததால அதை விட்டு வெச்சாங்க. ஆறு வாரம் வெயிட் தூக்கக் கூடாதுன்னாங்க. எங்க வீட்ல மூணாவது வாரமே குடத்தை நீட்டிட்டாங்க, அது தனிக் கதை.

திருத்துறைப்பூண்டி

எனக்கு 49. தீட்டு நின்னா கட்டி சுருங்கிடும்ங்கறாங்களே, காத்திருக்கலாமா?

நீடாமங்கலம் பக்கம், வயசு 43

பெரும்பாலும் சுருங்கும்க்கா. ஆனா அதுவரைக்கும் எவ்வளவு போகுது, ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பாருங்க. ஸ்கேன் ரிப்போர்ட்ல கட்டி எந்தப் பக்கம்னும் கேட்டுக்கோங்க. நின்னு ஒரு வருஷம் ஆனப்புறம் துளி பட்டாலும் உடனே காட்டணும்.

ஆமா, பச்சரிசி மெல்றீங்களா?