நாலு ஈடு முட்டையும் மூணாம் நாளே போச்சு: க்ளவுன் மீன் குஞ்சு பிழைக்க என்னதான் வழி?

மடிப்பாக்கத்துக்காரி:

வணக்கம். வீட்டுல மூணடி உப்புத்தண்ணி தொட்டி. அதுல ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ் வகை க்ளவுன் மீன், மூணு வருஷமா இருக்குதுங்க. அதுங்க கடல்ல ஒண்டிக்கிற அனிமோன்ங்கற பூ மாதிரி உயிர் தொட்டியில கிடையாது. ஒரு சின்ன மண் பூந்தொட்டியைப் படுக்கவெச்சேன், அதையே வீடா எடுத்துக்கிச்சு. மார்ச் மாசத்துலேர்ந்து பன்னண்டு, பதினாலு நாளுக்கு ஒரு தடவை அந்தப் பூந்தொட்டிச் சுவத்துல முட்டை ஒட்டுது. முதல் ரெண்டு ஈட்டை அதுங்களே தின்னுடுச்சு. அடுத்த நாலு ஈடும் பொரிஞ்சுது. காலையில எழுந்து பாத்தா குஞ்சுங்க மேலாக்க மிதக்கும். வலையில அள்ளி ஒரு கண்ணாடித் தொட்டியில விட்டேன். அவிச்ச முட்டை மஞ்சக்கருவைத் துணியில கட்டிப் பிழிஞ்சு குடுத்தேன். ஒரு தடவை ஆர்ட்டீமியா (உப்புத்தண்ணியில வாழற குட்டி இறால் மாதிரிப் பூச்சி) பொரிச்சும் குடுத்தேன். முதல் நாள் நீந்துது, ரெண்டாம் நாள் சுவத்துல முட்டி முட்டி நிக்குது, மூணாம் நாள் காலையில ஒண்ணுகூட இல்லை. நாலு தடவையும் இதே கதை.

தண்ணி கோவளத்துலேர்ந்து கேன்ல எடுத்துட்டு வர்றது. சூடு 30 டிகிரி. எங்க வீட்டுக்காரர், "அதுங்க பாட்டுக்கு முட்டை போட்டுத் தின்னுட்டுப் போகட்டும், உனக்கென்ன பிரசவம் பாக்கற வேலை"ங்கறார். எனக்கு மனசு கேக்கலை. யாராவது வீட்டுலயே வளர்த்து ஆளாக்கியிருக்கீங்களா?

தொட்டிப்பைத்தியம்:

ஆர்ட்டீமியாவைப் பொரிஞ்ச உடனே, அரைமணி நேரத்துக்குள்ள குடுத்துப் பாருங்க. கொஞ்சம் பொடிசா இருக்கும். மஞ்சக்கரு வேண்டவே வேண்டாம், தண்ணி நாறிடும்.

உப்பளத்தான்:

தங்கச்சி, நான் தூத்துக்குடி. ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அடிக்கிற வேலை. 2015லேர்ந்து மாடியில ஒரு ரூம்ல க்ளவுன் குஞ்சு எடுக்கேன். நீங்க சொன்னதை நானும் ஒரு வருஷம் முழுக்க அனுபவிச்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லுதேன்.

மேல தம்பி சொன்னதுல மஞ்சக்கரு விஷயம் சரி. ஆர்ட்டீமியா விஷயம் சரிப்படாது. பொரிஞ்ச ஆர்ட்டீமியா எவ்வளவு பொடிசுன்னாலும் அரை மில்லிமீட்டருக்குப் பக்கம் வரும். க்ளவுன் குஞ்சு மொத்தமே மூணு நாலு மில்லிமீட்டர். அதுல வாய் எத்தனை இருக்கும்னு பாத்துக்கிடுங்க. பச்சப்புள்ளை வாயில முழுத் தேங்காயத் திணிச்ச கணக்கு. முட்டையிலேர்ந்து கொண்டுவந்த மஞ்சக்கரு கொஞ்ச நேரத்துல தீந்துபோகும், அப்புறம் பட்டினி. உங்க குஞ்சு மூணாம் நாள் சாகுறது நோயில இல்லை, பசியில. கூடவே அழுகின மஞ்சக்கருவுல ஏறுன அம்மோனியா.

அதுக்கு வேண்டியது ரோட்டிஃபர், தண்ணியில நீந்துற பொட்டு மாதிரி நுண்ணுயிர். ஆர்ட்டீமியாவுல பாதிகூட இருக்காது. ரோட்டிஃபருக்கு வேண்டியது பச்சைத் தண்ணி, அதாவது நானோகுளோராப்சிஸ் பாசி. அதனால வேலையைத் தலைகீழா ஆரம்பிக்கணும். முதல்ல பாசி, ரெண்டு வாரம் கழிச்சு ரோட்டிஃபர், அது ரெண்டும் நிலைச்சு நின்னப்புறம்தான் முட்டையை ஏறெடுத்துப் பாக்கணும். அதுவரைக்கும் போடுற ஈடெல்லாம் போகட்டும். ஜோடி நல்ல ஜோடியா இருந்தா வருஷக்கணக்கா போட்டுக்கிட்டே இருக்கும், அவசரமே இல்லை. ஆரம்பத்துல தின்னதுக்கும் கவலைப்படாதீங்க, புது ஜோடி எல்லாம் அப்படித்தான்.

நான் முதல்ல இதைப் புரிஞ்சுக்கிட்டது மண்டபத்துல இருக்குற சி.எம்.எஃப்.ஆர்.ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்) மையத்துல. க்ளவுன் மீனை நம்ம நாட்டுல குஞ்சு பொரிக்க வச்ச இடங்கள்ல மண்டபமும் விழிஞ்சமும் முக்கியம். மீனைப் பாக்கலாம்னு போனா, வரிசையா பச்சைக் குடுவையா வச்சிருந்தாக. அன்னைக்கு சலிச்சுக்கிட்டேன், மீனைக் காட்டாம கஷாயத்தைக் காட்டுதாகளேன்னு.

பாசிக்குப் போடுற உரத்துக்கு நம்ம பக்கத்து ஹேட்சரிகள்ல (குஞ்சு பொரிக்கிற பண்ணைகள்ல) பழகின அளவு: 100 லிட்டர் வடிகட்டின கடல் தண்ணிக்கு 10 கிராம் அம்மோனியம் சல்பேட், 1 கிராம் சூப்பர் பாஸ்பேட், 1 கிராம் யூரியா. உரக்கடையில சில்லறையா கேட்டா ஒரு மாதிரி பாப்பாக, "ரோஜாச் செடிக்கு"ன்னு சொல்லிருங்க. வீட்டுக்கு 10 லிட்டர் போதும், அளவைப் பத்துல ஒண்ணா குறைச்சுக்கிடுங்க. ஆனா இந்த உரத்தண்ணியை நேரா குஞ்சுத் தொட்டியில ஊத்தக் கூடாது, இது ரோட்டிஃபர் தீனிக்கு மட்டும். குஞ்சுத் தொட்டியைப் பச்சையாக்க தனியா ரெண்டு பாட்டில் பாசி, கான்வே மீடியம்ங்கிற சத்துக் கரைசல்ல வளத்தது.

ரோட்டிஃபர் ஒழுங்கா தின்னா ஒரே நாள்ல இரட்டிப்பாகும். குஞ்சுத் தொட்டியில ஒரு மில்லிக்குப் பத்து இருக்கணும். 30 லிட்டர் தொட்டின்னா மூணு லட்சம். எண்ணிக்கையைக் கேட்டு மலைக்காதீங்க, நல்லா வளந்த கல்ச்சர்ல மில்லிக்கு நூறு நிக்கும், மூணு லிட்டரை வடிகட்டினா கணக்கு முடிஞ்சுது. எண்ணுறதுக்கு மைக்ராஸ்கோப் எதுக்கு? அச்சுல புள்ளி பாக்குற பத்து மடங்கு லென்ஸ் என்கிட்ட இருந்துச்சு, அதை வச்சுத்தான் இன்னைக்கு வரைக்கும் எண்ணுதேன். வெள்ளைப் பொட்டு துடிச்சுக்கிட்டு ஓடும். வடிகட்டுறதுக்கும் என் தொழில்தான் கைகொடுத்துச்சு. ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டத்துல இழுத்துக் கட்டுற நைலான் துணியில 50 மைக்ரானுக்கு (ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்கு) பக்கமா ஓட்டை இருக்கிறதைக் கேளுங்க. ஒரு பி.வி.சி குழாய்த் துண்டுல ஒட்டிட்டா சல்லடை ரெடி. புதுத் துணியா வாங்குங்க, மை பட்ட துணி வேண்டாம்.

ரோட்டிஃபரை ஈஸ்ட்லயும் வளக்கலாம், பெருகும். ஆனா அந்த ரோட்டிஃபர்ல சத்து இருக்காது, வெறுஞ்சோறு மாதிரி. வயிறு நிறைஞ்சபடியே குஞ்சு எட்டாம் நாள், பத்தாம் நாள் பொத்து பொத்துன்னு விழும். எனக்கு அப்படி விழுந்திருக்கு. ஒரு விஷயத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க: ரோட்டிஃபரை ரெண்டு கேன்ல, ரெண்டு வேற இடத்துல வைங்க. ஒண்ணு கண்டிப்பா ஒருநாள் காரணமே சொல்லாம செத்துப்போகும்.

இப்ப பொரிக்கிற ராத்திரிக்கு வாரேன். வலையால அள்ளாதீங்க, காலையில அள்ளாதீங்க. குஞ்சு உடம்பு சளி மாதிரி, வலை பட்டாலே போச்சு. முட்டை முதல்ல ஆரஞ்சா இருக்கும், அப்புறம் கருக்கும், கடைசியில ஒவ்வொரு முட்டைக்குள்ளயும் ரெண்டு கண்ணு வெள்ளியாட்டம் மினுங்கும். 28 டிகிரியில ஏழெட்டு நாளு, உங்க 30ல ஒரு நாள் முன்னாலயே ஆகும். வெள்ளிக் கண்ணு தெரிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம், பூந்தொட்டியோட எடுத்து, அதே தண்ணி நிரப்பின உருண்டையான கருப்பு டப்புல வச்சிருங்க. தூக்கும்போது ஆண் மீன் கையைக் கடிக்கும், வலிக்காது. அதுதான் ஒரு வாரமா துடுப்பால முட்டையை விசிறிக்கிட்டு இருந்தது, பெருசா இருக்கிற பொம்பளை சும்மா சுத்தி வரும். (அந்தப் பொம்பளை செத்துட்டா இந்த ஆணே பொம்பளையா மாறிரும், பாத்துக்கிடுங்க.) அது விசிறுற வேலையை டப்புல ஏர்ஸ்டோன் (ஏர்பம்ப் காத்தைக் குமிழியாக்குற கல்லு) பாக்கணும். முட்டை மேல காத்துக்குமிழி உரசிக்கிட்டுப் போற மாதிரி வைங்க. விளக்கை அணைச்சு, ரூமைக் கும்மிருட்டாக்கிட்டு வந்துருங்க. ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துல எல்லாம் பொரிஞ்சிருக்கும். பொரிஞ்சதும் காத்தைக் குறைச்சு, நொடிக்கு ஒரு குமிழி போதும்.

கண்ணாடித் தொட்டியில சுவத்துல முட்டுறது ஏன்னா, வெளிச்சம் பக்கவாட்டுல வருது, குஞ்சு வெளிச்சத்தைப் பாத்து ஓடும். கருப்பு டப்புல வெளிச்சம் மேலேருந்து மட்டும் லேசா வரட்டும். தண்ணியை இளம்பச்சையா, அடி மங்கலாத் தெரியுற அளவுக்குப் பாசி ஊத்தி வச்சா முட்டுறது நின்னுரும், உள்ள இருக்குற ரோட்டிஃபருக்கும் தீனி ஆச்சு. ஆறாம் நாள், ஏழாம் நாளுக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா ஆர்ட்டீமியா கலக்கலாம். எட்டுலேர்ந்து பன்னண்டு நாளைக்குள்ள தலையில முதல் வெள்ளைக்கோடு வந்து, கீழ இறங்கிரும். அப்புறம் பயம் பாதி கொறைஞ்சிரும். தண்ணி மாத்துறதை ஏர் டியூப்ல சொட்டுச் சொட்டாத்தான் விடணும். மிச்சமெல்லாம் தானா பழகும்.

ஆர்ட்டீமியான்னதும் ஞாபகம் வருது. எங்க ஊர் உப்பளப் பாத்தியிலயே ஆர்ட்டீமியா உண்டு. அதுல நாட்டு வகை அத்தனையும் பொட்டைதான், ஆணே இல்லாம குட்டி போடும். நான் சின்னப் புள்ளையில காலில ஒட்டுற செகப்புப் பூச்சின்னு தட்டிவிட்டது இதைத்தான். இப்ப டின்ல காசு குடுத்து வாங்குதேன்.

கடைசியா ஒண்ணு. எங்க அம்மா ஒருநாள் சாயங்காலம் அந்த ரூம்ல கொசுவத்திச் சுருள் கொளுத்தி வச்சுட்டாக. ஏர்பம்ப் அந்தப் புகையை இழுத்து நேரா தண்ணியில விட்டுச்சு. ஒன்பதாம் நாள் குஞ்சு, இருநூறுக்கு மேல. அம்மாவை ஒண்ணும் சொல்ல முடியலை, கொசு கடிக்குதேன்னு எனக்காக ஏத்தினது. ஏர்பம்ப் இருக்குற ரூம்ல சுருளும் வேண்டாம், லிக்விடும் வேண்டாம், ஸ்ப்ரேயும் வேண்டாம்.

தொட்டிப்பைத்தியம்:

அண்ணாச்சி, இவ்வளவு வேலைன்னா கடல் குதிரை சுலபம்னு சொல்றாங்களே? குட்டி போட்டாலே பெருசா இருக்குமாம். ராமேஸ்வரம் பக்கம் சொன்னா எடுத்துத் தருவாங்கன்னு ஒருத்தர் சொன்னார்.

உப்பளத்தான்:

தம்பி, அந்த ஒருத்தர்கிட்டருந்து தள்ளியே இருங்க. கடல் குதிரையும் பவளமும் 2001லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைக்குப் போயாச்சு. மன்னார் வளைகுடாவுல 21 தீவும் தேசியப் பூங்கா. வச்சிருந்தாலே கேஸ். செத்த பவளக்கல்லை அழகுக்கு வைக்கிறதும் அதே கதைதான், பூந்தொட்டி ஓடு போதும்.

ஸ்காபரோ சிவா:

அக்கா, நான் கனடா. இஞ்ச கடல் பக்கத்தில இல்லை, பைக்கற்று உப்புக் கரைச்சுத்தான் எல்லாம். ரோட்டிஃபர் கரைச்சல் எண்டா முதல்ல 'பங்காய் கார்டினல்' எண்ட மீனை வளர்த்துப் பாருங்கோ. ஆண் மீன் முட்டையை வாய்க்குள்ள வைச்சு ஒரு மாசத்துக்குக் கிட்டத் தின்னாமல் குடியாமல் கிடக்கும். பிறகு நாப்பது குட்டி மட்டில துப்பும். அந்தக் குட்டி முதல் நாளே ஆர்ட்டீமியா தின்னும், பாசியும் வேண்டாம், ரோட்டிஃபரும் வேண்டாம். இந்தோனேசியாவில ஒரு சின்னத் தீவுக்கூட்டத்திலதான் அது இயற்கையா இருக்கு. பிடிச்சுப் பிடிச்சுக் குறைஞ்சு போச்சு. அதால கடலில பிடிச்சதை வாங்காமல், வளர்த்ததாப் பாத்து வாங்குங்கோ. எனக்கு இதுதான் முதல் கை பழகினது. அண்ணாச்சி சொன்ன கொசுவத்திப் பிரச்சினை மட்டும் எனக்கு இல்லை, இஞ்ச வெளியில மைனஸ் இருபது.

உப்பளத்தான்:

சிவா தம்பி சொன்னது நல்ல யோசனை. ஆனா தங்கச்சி வீட்டுல முட்டை போட்டுக்கிட்டு இருக்கிறது க்ளவுன். சமைஞ்ச புள்ளையை வீட்டுல வச்சுக்கிட்டு அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் பாப்பாகளா?

இன்னொண்ணு, கோவளம் தண்ணின்னீங்க. முட்டுக்காடு கழிமுகம் பக்கத்துலயே இருக்கு. ஐப்பசி மழை தொடங்கிட்டா அங்க எடுக்குற தண்ணியில உப்பு எறங்கிரும். புரட்டாசியிலயே நாலஞ்சு கேன் நிரப்பி, இருட்டுல மூடி வச்சுருங்க. ஒவ்வொரு தடவையும் உப்பு மீட்டர் போட்டு தண்ணி அடர்த்தி 1.024 இருக்கான்னு பாருங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே, அதுக்கப்புறம் எங்க கரையில எடுத்த தண்ணி ஏதோ இளநீர் மாதிரி இருந்துச்சு. கரண்ட் வேற இல்லை. ராத்திரி பூரா நானும் மகனும் மாறி மாறி மக்குல மொண்டு மொண்டு மேலேருந்து ஊத்தித்தான் ஜோடியைக் காப்பாத்தினோம். குஞ்சு ஒண்ணும் மிஞ்சலை.

மடிப்பாக்கத்துக்காரி:

மூணு மாசம் கழிச்சு வந்திருக்கேன், மன்னிக்கணும். அண்ணாச்சி, நீங்க சொன்னபடியே மூணு ஈட்டை விட்டுட்டேன். பாசி முதல் தடவை மஞ்சளாகி அடியில தங்கிடுச்சு, பால்கனி வெயில் அதிகம். உள்ள கொண்டுவந்து ட்யூப்லைட்டுக்குக் கீழ வெச்சதும் பச்சை பிடிச்சுது. ரோட்டிஃபர் ஒரு கேன் செத்துது. ரெண்டாவது கேன் சமையல்கட்டு லாஃப்ட்ல இருந்ததால தப்பிச்சேன். ஸ்கிரீன் துணி கேட்டுப் போன கடையில, "என்னம்மா பத்திரிகை அடிக்கப் போறீங்களா, யாருக்குக் கல்யாணம்"னு கேட்டார்.

முதல் முயற்சியில அஞ்சாம் நாள் வரைக்கும் போச்சு. ரெண்டாவதுல ஏறக்குறைய நூத்தம்பது பொரிஞ்சுது. பத்தாம் நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தேன், டப்பு அடியில ஒரு குஞ்சு தலையில வெள்ளைக்கோட்டோட ஒக்காந்திருந்துது. வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். இப்போ முப்பத்தொண்ணு இருக்கு, ஒரு மாசம் முடிஞ்சுது. பிரசவம் பாக்கற வேலைன்னு சொன்னவர்தான் ஆபீஸ்லேர்ந்து போன் போட்டு, "சாப்பிட்டுதா"ன்னு கேக்கறார்.

ஒரு சந்தேகம். ஏழெட்டு குஞ்சுக்கு நடுக்கோடு பாதியிலயே நின்னுடுச்சு, ஒரு பக்கம் மட்டும் இருக்கு. நோயா?

உப்பளத்தான்:

நோய் இல்லை தங்கச்சி. வீட்டுல பொரிச்ச குஞ்சுல அரைக்கோடு சகஜம், காட்டு மீன்ல அவ்வளவா பாக்க முடியாது. நல்லாத் தின்னு, நல்லா இருக்கும். முப்பத்தொண்ணையும் இப்போதைக்கு ஒண்ணாவே விடுங்க, அஞ்சாறா பிரிச்சா ஒண்ணு மத்ததை அடிச்சே கொன்னுரும். எங்க கடைக்காரர் முழுக்கோட்டுக் குஞ்சுக்கு நூத்தி இருபது தாராரு, அரைக்கோட்டை வேண்டாம்னுட்டாரு. அதையெல்லாம் பத்திரிகை அடிக்க வாரவுக புள்ளைகளுக்குக் காட்ட பட்டறை வாசல்ல ஒரு தொட்டியில வச்சிருக்கேன்.