கோடை டாப் மார்பிலும் அக்குளிலும் பிடிக்கிறது, அவசர உதவி தேவை

தண்டையார்பேட்டை_கயல்:
அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் தினமும் போட்டுக்கொள்ள கையில்லாத காட்டன் டாப் நாலைந்து தைத்துவிடலாம் என்று பேட்டர்ன் (துணி மேல் வைத்து வெட்டும் காகித அச்சு) வாங்கினேன். முதல் டாப் முடிந்தது. போட்டால் மார்பில் பிடிக்கிறது, அக்குளில் அறுக்கிறது, கையைத் தூக்க முடியவில்லை. சைஸ் பட்டியலைப் பார்த்துச் சரியான சைஸில்தான் வெட்டினேன். அடுத்த துணியை இன்றைக்கே வெட்ட வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

வியாசர்பாடி_பாபின்:
எந்தக் கம்பெனி பேட்டர்ன்? எந்த சைஸ்? உங்கள் மார்புச் சுற்று எவ்வளவு? துணி என்ன? இதெல்லாம் தெரியாமல் எதை வைத்துச் சொல்வது அக்கா? அடுத்த துணியில் மட்டும் இப்போது கத்தரி வைக்காதீர்கள்.

ராயபுரம்_அம்மா:
துணியை நனைத்தாயா கண்ணு? காட்டன் கட்டாயம் சுருங்கும். எம்.சி. ரோட்டில் வாங்கும் பாப்ளினை நான் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்டுவேன். வாயில் (voile), மல்மல் என்று எந்த மெல்லிய துணியானாலும் அப்படித்தான்.

பெரம்பூர்_மாஸ்டர்:
இதை இங்கே எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் பழையதைத் தேடிப் படிப்பதே இல்லை. சைஸ் எண் என்பது இன்ச் கிடையாது. புர்தா என்கிற ஜெர்மன் பேட்டர்ன் கம்பெனியில் 38 என்றால் மார்பு 88 செ.மீ., அதாவது 34½ இன்ச்சுக்குச் சற்று மேல். 38 இன்ச் உள்ளவர் அங்கே 42 எடுக்க வேண்டும். அடிப்படை தெரிந்த பிறகு கத்தரியை எடுங்கள் அம்மா.

வியாசர்பாடி_பாபின்:
புர்தா என்று அவர் எங்கே சொன்னார் மாஸ்டர்?

கொருக்குப்பேட்டை_நூல்கண்டு:
எனக்குத் தையல் மார்ஜின், அதாவது தையலுக்காக ஓரத்தில் விடும் துணி, அதன் மேல்தான் சந்தேகம். அமெரிக்க பேட்டர்ன்களில் பெரும்பாலும் 1.5 செ.மீ. மார்ஜின் சேர்ந்தே வரும். புர்தா பத்திரிகையில் வரும் பேட்டர்னில் மார்ஜின் இருக்காது, நாம்தான் சுற்றிலும் விட்டு வெட்ட வேண்டும். விடாமல் வெட்டினால் நாலு ஓரத்திலும் போய், மார்பில் மட்டுமே 6 செ.மீ. குறைந்துவிடும்.

தண்டையார்பேட்டை_கயல்:
அமெரிக்க பேட்டர்ன், பிடிஎஃப். சைஸ் 16. என் மார்புச் சுற்று 38, பட்டியலிலும் 16க்கு 38 இன்ச் என்றுதான் இருக்கிறது. மார்ஜின் உள்ளேயே இருக்கிறது, 1.5 செ.மீ. விட்டுத்தான் அடித்தேன். பாப்ளின். நனைக்கவில்லை, தைத்த பிறகு துவைக்கவும் இல்லை. ஓவர்லாக் (ஓரத்தை வெட்டி நூல் பிரியாமல் அடிக்கும் தையல்) இன்னும் அடிக்கவில்லை.

வியாசர்பாடி_பாபின்:
அப்படியென்றால் சுருக்கம் காரணமில்லை. தண்ணீரே படாத துணி எப்படிச் சுருங்கும்? இனிமேல்தான் சுருங்கப் போகிறது, அது வேறு கவலை.

பெரம்பூர்_மாஸ்டர்:
நம் ஊர் உடம்புக்கு வெளிநாட்டுப் பேப்பர் எதற்கு என்பதுதான் என் கேள்வி. நன்றாக உட்காரும் அளவு டாப் ஒன்றை விரித்து வைத்து வெட்டினால் முடிந்தது. இல்லையா, மார்புச் சுற்றை நாலாக வகுத்து, லூஸும் மார்ஜினும் சேர்த்துக் கோடு போடுங்கள். மாஸ்டர்கள் காலங்காலமாக அப்படித்தான் வெட்டுகிறார்கள்.

கொருக்குப்பேட்டை_நூல்கண்டு:
அளவு டாப்பை வைத்தால் அதே டாப்தான் மறுபடி வரும். யோக், காலர், சாய்வுப் பாக்கெட் எல்லாம் சொல்லித்தர ஆள் இல்லாமல் வீட்டில் தைக்கிறவர்களுக்கு பேட்டர்ன்தான் வாத்தியார். 1863இல் பல அளவுகளில் காகித பேட்டர்னை விற்பனைக்குக் கொண்டுவந்த எபனேசர் பட்டரிக்கும் ஒரு தையல்காரர்தான் மாஸ்டர். இதை நம் தொழிலுக்கு விரோதமாகப் பார்க்காதீர்கள்.

பெரம்பூர்_மாஸ்டர்:
வரலாறு எனக்கும் தெரியும். தோள் இறக்கத்தைக் கண்ணால் பார்த்து வெட்டுகிறவனுக்கு ஈடாகக் காகிதம் வராது.

ராயபுரம்_அம்மா:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அந்தப் பெண் காத்திருக்கிறாள், அவளுக்கு வழி சொல்லுங்கள்.

காசிமேடு_ஓரத்தையல்:
கயல், பிடிஎஃப் என்கிறீர்கள். எங்கே பிரிண்ட் எடுத்தீர்கள்? பிரிண்ட் சரியான அளவில் வந்ததா என்று பார்க்க ஏதாவது ஒரு தாளில் சோதனைச் சதுரம் இருக்கும், பக்கத்தில் அளவு போட்டிருக்கும். இன்ச் டேப் வேண்டாம், ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை_கயல்:
பக்கத்து பிரவுசிங் சென்டரில் எடுத்து ஒட்டினேன். சதுரம் 5 செ.மீ. என்று போட்டிருக்கிறது. அளந்தால் 4.7 வருகிறது.

காசிமேடு_ஓரத்தையல்:
அங்கேதான் குறைகிறது. பிரிண்டரில் ‘ஃபிட் டு பேஜ்’ இருந்தால் படம் தாளுக்குள் அடங்குவதற்காகச் சுருங்கும். அமெரிக்க லெட்டர் தாள் நம் ஏ4-ஐ விட அகலம், அந்த அளவுக்குப் போட்ட பிடிஎஃப் ஏ4-இல் வரும்போது இது அடிக்கடி நடக்கும். உங்களுடையது 94 சதவீதத்தில் வந்திருக்கிறது. உங்கள் 38-க்கு லூஸ் 4 சேர்த்து, தைத்த பின் 42 இன்ச் வர வேண்டிய மார்பு 39½ தான் வரும். 38 இன்ச் உடம்புக்கு மிச்சம் ஒன்றரை இன்ச், பாப்ளினோ இழுபடாது. தோள், அக்குள் வளைவு, நீளம் எல்லாமே அதே கணக்கில் குறைந்திருக்கும். அதனால்தான் அக்குள் அறுக்கிறது.

தைத்ததைத் தூக்கிப்போட வேண்டாம். முதலில் நனைத்துக் காயவையுங்கள், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். அப்புறம் இரண்டு பக்கத் தையலையும் பிரித்து 0.7 செ.மீ. மார்ஜினில் அடித்தால் மொத்தம் 3.2 செ.மீ. கிடைக்கும். போதவில்லை என்றால் அக்குளிலிருந்து கீழ் ஓரம் வரை பக்கத்துக்கு ஒரு பட்டி கொடுங்கள். தைத்த பின் 2 இன்ச் அகலம் வந்தால் தாராளம். அக்குள் சுற்றும் அதோடு சேர்ந்து பெரிதாகும். பட்டி நேர் நூலில் இருக்கட்டும், கிராஸாக வெட்டினால் தொங்கும். வேறு நிறத் துணியில் கொடுத்தாலும் அழகாகவே இருக்கும்.

வியாசர்பாடி_பாபின்:
அடுத்த பிரிண்ட்டுக்கு ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் என்று கடையில் கேளுங்கள். சதுரம் இருக்கும் தாளை மட்டும் முதலில் எடுத்து, அங்கேயே அளந்துவிட்டு மற்ற தாள்களை எடுங்கள்.

பெரம்பூர்_மாஸ்டர்:
சதுரத்தை அளக்க வேண்டும் என்பது தையல் குறிப்பிலேயே இருக்கும். படித்திருக்கலாம்.

தண்டையார்பேட்டை_கயல்:
நனைத்துக் காயவைத்துப் பக்கத்துக்கு ஒரு பட்டி கொடுத்தேன். கை தாராளமாக உயருகிறது. பேட்டர்னையும் 100 சதவீதத்தில் மறுபடி எடுத்துவிட்டேன், சதுரம் 5 வந்தது. எல்லோருக்கும் நன்றி.

கொருக்குப்பேட்டை_நூல்கண்டு:
பட்டிக்கு எந்தத் துணி கொடுத்தீர்கள்? கோடவுன் தெருவில் வாயில் துணி எடுக்கப் போகிறேன், கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான்.

ராயபுரம்_அம்மா:
வாயிலுக்கு 11ஆம் நம்பர் ஊசி போடு. 16 போட்டால் ஓட்டை விழும்.