புதுப்பிப்பு: எங்கள் கடைத் தளம் கூகுளில் வந்துவிட்டது

கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் சேலைக்கடையின் தளம் கூகுளில் ஏன் வருவதில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சேர்ச் கன்சோலில் காரணம் தெரிந்தது. தளத்தைச் செய்து தந்தவர்கள் சோதனைக்காலத்தில் போட்ட 'நோஇண்டெக்ஸ்' குறியை, அதாவது 'இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே' என்று சொல்லும் குறியை, எடுக்கவே இல்லை. கடை கட்டி ஷட்டரைத் திறக்காத மாதிரி! அதை நீக்கி, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பைக் கூகுளுக்குக் கொடுத்ததும் பக்கங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. எந்தப் பக்கங்களுக்குள் வரலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt) தடை இருந்தால் அதையும் எடுங்கள்; இல்லாவிட்டால் கூகுள் உள்ளே வந்து மாற்றத்தைப் பார்க்காது.

அப்புறம், எல்லாப் பக்கத்துக்கும் 'முகப்பு' என்றே தலைப்பு இருந்தது. 'காஞ்சிபுரம் பட்டு, வெள்ளவத்தை' என்கிற மாதிரி தனித்தனியாக மாற்றினோம். படத்துக்குள் இருந்த விலைகளையும், கூகுள் எளிதாகப் படிக்கட்டும் என்று, இப்போது எழுத்தில் போட்டிருக்கிறோம்.

மெட்டா கீவேர்ட்ஸ் (பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதும் தேடல் சொற்கள்) நிரப்பச் சொன்ன தம்பிக்கு: தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. அதில் கை வைக்கவில்லை.

கடைப் பெயரைத் தேடினால் முதலில் வருகிறது. 'கொழும்பு பட்டுச் சேலை' என்றால் இன்னும் பின்னால்தான்.